நீல மேல்சட்டைக்கு ஏற்ற துணி எது? – பில் கன்னிங்காம் கட்டுரையை ஒட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் பல பத்தாண்டுகள் தெருவில் நின்று உடையைப் படம்பிடித்த பில் கன்னிங்காமைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை எங்கள் வட்டாரத்தில் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை தொடங்கி, கேரளப் பக்கத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வரைக்கும் தறியிலும் தையல் மெஷினிலும் இருக்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கட்டுரையின் நோக்கம் நல்லது. ஆனால் இரண்டு இடத்தில் அது தடம் மாறிவிட்டது. அவருடைய நீல மேல்சட்டையை ‘எளிமையின் அடையாளம்’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவரைத் தனிமரம் என்றும் எழுதிவிட்டார்கள். கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு ‘இதே மாதிரி கைத்தறியில் வேண்டும்’ என்று கேட்கிறவர்களுக்குக் கடைகளில் தவறான துணியை எடுத்துத் தருகிறார்கள். இந்தக் கடிதம் எழுதக் காரணம் அதுதான்.

முதலில் பெயர். ‘ஜாக்கெட்’ என்றால் நம் ஊரில் ரவிக்கை என்றுதான் காதில் விழும். அதனால் மேல்சட்டை என்றே எழுதுகிறோம். கன்னிங்காம் போட்டிருந்தது பிரான்சில் தொழிலாளர்களும் தெருக் கூட்டுகிறவர்களும் போடுகிற வேலைச் சட்டை. பாரிஸ் கடையில் மலிவாகக் கிடைப்பது. உள்ளே லைனிங் கிடையாது, தோளில் பஞ்சு கிடையாது. முன்னால் நாலைந்து பொத்தான், வெளியே மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக ஒட்டுப் பாக்கெட். காலர் தட்டையாக இருக்கும். அவர் சைக்கிளில் போகிறவர், கழுத்தில் எந்நேரமும் கேமரா தொங்கும். கேமராவும் அதன் வாரும் மேல்துணியை ஓயாமல் உரசித் தேய்க்கும். அதைத் தாங்கும் கெட்டித் துணி வேண்டும், ஃபிலிம் சுருளும் பேனாவும் வைக்கப் பாக்கெட் வேண்டும், மிதிக்கும்போது முதுகு இழுக்காத வெட்டு வேண்டும். அவருக்கு அந்தச் சட்டை ஒரு தொழிற்கருவி. கொத்தனாருக்குக் கரண்டி எப்படியோ அப்படி. அதை எளிமை என்று புகழ்ந்துவிட்டால் அதற்குள் இருக்கிற வேலை கண்ணில் படாமல் போய்விடும்.

அவர் தொப்பி செய்து தொழில் தொடங்கியவர் என்பதையும் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. 1929-இல் பாஸ்டனில் பிறந்து, 1948-இல் ஹார்வர்டைப் பாதியில் விட்டு நியூயார்க் வந்து, ‘வில்லியம் ஜே.’ என்ற பெயரில் பெண்களுக்குத் தொப்பி தைத்து விற்றார். ஊசி பிடித்த கை அது. 1978-இல் நியூயார்க் தெருவில் ஒரு பெண் நடந்து போகிறார். அவர் போட்டிருந்த கோட்டின் தோள்வெட்டு அழகாக இருக்கிறதே என்றுதான் கன்னிங்காம் படம் எடுத்தார். அந்தப் பெண் நடிகை கிரேட்டா கார்போ என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி அது பத்திரிகையில் வந்தது, அவருடைய தெருப் படங்களுக்கு வழி திறந்தது. முகத்துக்கு முன்னால் தோளைப் பார்த்தவர் அவர்.

தோளைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், பெரும்பாலான மேல்சட்டைகள் கெடுவது அங்கேதான். கையை உயர்த்திக் கேமராவைக் கண்ணில் வைக்கிறவருக்கும், சைக்கிள் ஹேண்டிலைப் பிடிக்கிறவருக்கும் கைத்துணியின் மேல்வளைவு உயரமாக இருக்கக் கூடாது. வளைவு உயர்ந்தால் கை தொங்கும்போது சுருக்கமே இல்லாமல் பார்க்க நன்றாக இருக்கும், கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் இடுப்போடு மேலே வந்துவிடும். வளைவு உயரத்தை 10 முதல் 12 சென்டிமீட்டருக்குள் வைத்து, கையின் அகலத்தைக் கூட்டி, அக்குள் வட்டத்தை உடம்புக்கு நெருக்கமாக மேலே வெட்டினால் கை மட்டும் உயரும், சட்டை நின்ற இடத்தில் நிற்கும். ‘லூஸாக இருக்கட்டும்’ என்று அக்குளைக் கீழே இறக்குவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிற தவறு. இறக்க இறக்கப் பிடிப்புதான் கூடும். இன்னொன்று: ஒரே தோளில் பை மாட்டுகிறவர்களுக்கு இரண்டு தோளும் ஒரே சரிவில் இருப்பதில்லை. தோள் சரிவை இடம் வேறு, வலம் வேறு என்று தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தை அளந்து மறுபக்கத்துக்கும் வெட்டினால் தாழ்ந்த தோளுக்குக் கீழே மார்பில் குறுக்காக ஒரு மடிப்பு விழும். எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் அது போகாது.

தனிமரம் என்ற பேச்சுக்கு வருகிறோம். அந்த மனிதரின் கையில் கேமரா வந்ததே நட்பு வழியாகத்தான். ஓவியர் அன்டோனியோ லோபஸ் மூலம் அறிமுகமான டேவிட் மான்ட்கோமரி என்ற புகைப்படக்காரர், 1967 வாக்கில் 35 டாலர் பெறுமான ஒலிம்பஸ் பென்-டி கேமராவைக் கொடுத்து, இதைக் குறிப்பேடு போலப் பயன்படுத்து என்று சொன்னார். பாதிச் சட்டகக் கேமரா அது. 36 படச் சுருளில் 72 படம் எடுக்கலாம். ஃபிலிம் செலவை எண்ணிக் கை நிறுத்தாமல் தெருவில் எடுத்துக்கொண்டே இருந்தவருக்கு அந்த இரட்டிப்பு எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானவர் எடிட்டா ஷெர்மன். கார்னகி ஹால் கட்டடத்தின் மேலே இருந்த கலைஞர் குடியிருப்பில் இருவரும் அண்டைவீட்டார். அவரும் புகைப்படக்காரர்தான். 1968 தொடங்கி 8 ஆண்டு இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். பழைய துணிக் கடைகளிலும் ஏலத்திலும் பழங்கால உடைகளைத் தேடி எடுப்பது, நியூயார்க்கில் எந்தக் கட்டடம் எந்தக் காலத்தில் எழுந்ததோ அந்தக் காலத்து உடையை ஷெர்மன் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நிற்பது, கன்னிங்காம் படம் எடுப்பது. அதில் ஒரு படத்தில், கிறுக்கல் நிறைந்த சுரங்க ரயில் பெட்டிக்குள் ஷெர்மன் பழங்கால உடையும் தொப்பியுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். உடையைக் கெடாமல் கொண்டுபோக வண்டி கிடையாது, உதவியாள் கிடையாது, போட்டுக்கொண்டே ரயிலில் போயிருக்கிறார்கள். நூறாண்டுப் பழைய துணியை உடம்பில் ஏற்றுவது என்றால் என்ன என்று தையல்காரருக்குத் தெரியும். அக்குள் தையலில் வியர்வை பட்டுத் துணி நைந்திருக்கும், கொக்கி துருவேறியிருக்கும், மூச்சை இழுத்து விட்டால் முதுகில் நூல் தெறிக்கும். ஒருவர் உடையைக் காப்பாற்றிக்கொண்டு அசையாமல் நிற்க, மற்றவர் வெளிச்சம் போகுமுன் எடுக்க என்று 8 ஆண்டு நடந்த கூட்டு வேலை அது. அந்தப் படங்கள் நியூயார்க் வரலாற்றுக் கழகத்திடம் இருக்கின்றன. ஷெர்மன் 2013-இல் 101 வயதிலும் கன்னிங்காம் 2016-இல் 87 வயதிலும் காலமானார்கள். இந்தத் தோழமையைச் சொல்லாமல் அவருடைய சட்டையின் நிறத்தை மட்டும் சொன்னால் பாதிக்கு மேல் விட்டுப்போகும்.

இனி எங்கள் ஊர்ச் சங்கதி.

பாலராமபுரம் தறிக்கு இருநூறு ஆண்டுப் பழமை உண்டு. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில் நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து நெசவுத் தொழில் செய்யும் சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வீட்டுக்குள் தமிழ், சந்தையில் மலையாளம் என்று இன்றும் பேச்சு ஓடுகிற தெருக்கள் அவை. ஊரின் புகழ் மெல்லிய வேட்டிக்கும், பெண்கள் உடுத்தும் செட்டு முண்டுக்கும், கசவு என்கிற ஜரிகைக் கரைக்கும். அந்த மெல்லிய துணியையே நீலச் சாயத்தில் முக்கி, ‘கைத்தறி மேல்சட்டைத் துணி’ என்று சில கடைகளில் விற்கிறார்கள். கைத்தறி என்பது உண்மைதான். ஆனால் மேல்சட்டைக்கு அது ஆகாது.

காரணம் நூல் நம்பர். ஒரு பவுண்டு எடை பருத்தி நூலில் 840 கஜம் கொண்ட சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். நூறாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 84,000 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. வேட்டிக்கு அது வரம். மேல்சட்டையாகத் தைத்துப் பாக்கெட்டில் போனைப் போட்டால் பாக்கெட் ஓரத்தில் துணி கிழியாது, நூல் விலகும். தையலை ஒட்டி ஏணி மாதிரி இடைவெளி தெரியும். தையல்காரர் சரியாகத் தைக்கவில்லை என்று சண்டை வரும். தையலில் குற்றமில்லை, மெல்லிய இழைக்கு அந்தப் பாரத்தைப் பிடித்து நிற்கிற உரசல் கிடையாது.

கேட்க வேண்டியது இது: பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை) இரட்டை நாற்பது, ஊடை (குறுக்கே ஓடும் இழை) இரட்டை நாற்பது அல்லது இரட்டை இருபது. இரட்டை நாற்பது என்றால் இரண்டு நாற்பதாம் நம்பர் இழையைச் சேர்த்து முறுக்கியது, பருமனில் இருபதாம் நம்பருக்குச் சமம், உரசலைத் தாங்குவதில் அதற்கும் மேல். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ‘அண்ணாச்சி, பாவு என்ன நம்பர், ஊடை என்ன நம்பர்?’ என்று கேளுங்கள். பாறசாலை தாண்டினால் ‘சேட்டா’ என்று கூப்பிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் மேல்சட்டைத் துணி வாங்க வேண்டாம்.

பிரெஞ்சு வேலைச் சட்டை சாய்வரி விழுகிற டிரில் போன்ற கெட்டித் துணியில் வரும். சாய்வரிக்குக் குறைந்தது மூன்று விழுது (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணி வரிசை), மூன்று மிதி (அதைக் காலால் இயக்கும் கட்டை) வேண்டும். வேட்டி நெய்கிற குழித்தறியில் இரண்டு மிதிதான், ஆகவே ஒன்றுவிட்டு ஒன்று போகிற சாதா நெசவுதான் வரும். அதில் குறை ஒன்றுமில்லை. இழையைத் தடிமனாக்கி, ஊடையை அடித்து நெருக்கினால் நம் வெயிலுக்கு டிரில்லைவிட நல்ல துணி கிடைக்கும். ஆனால் நூறாம் நம்பருக்குக் கட்டிய அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) இரட்டை நாற்பது ஓடாது. அச்சை மாற்ற வேண்டும், விழுதை மாற்ற வேண்டும், புதுப் பாவு பிணைக்க வேண்டும். ‘மூன்று மீட்டர் மட்டும் நெய்து தாங்க’ என்று கேட்டால் தறிக்காரர் மறுப்பது அதனால்தான். இதற்கு இரண்டு வழி உண்டு. கேரள அரசு 2017 முதல் பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணி கொடுக்கிறது, அதற்காகச் சட்டைத்துணியும் கால்சட்டைத்துணியும் நெய்கிற தறிகள் இருக்கின்றன. அங்கே கேட்கலாம். இல்லையென்றால் பத்து நண்பர்கள் சேர்ந்து ஒரு பாவு போடச் சொல்லுங்கள். 48 அங்குல அகலத்தில் ஆளுக்கு இரண்டரை மீட்டர், பத்துப் பேருக்கு 25 மீட்டர். பிணைக்கும்போதும் அறுக்கும்போதும் தறியில் தங்கி வீணாகும் துணிக்கு ஒரு மீட்டர், சுருக்கத்துக்கு ஒன்றரை மீட்டர், ஆக இருபத்தேழரை, முழுசாக்கி 28 மீட்டருக்குப் பாவு. நிறத்தைப் பத்துப் பேரும் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும், அந்தப் பேச்சே நல்லது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கிவிட்டால் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட முடியாது. ஈரம் தங்கிய பாவு தறியில் அறுந்துகொண்டே இருக்கும். மழை விட்டதும் ஓண வேலை நெருக்கும், கசவு தவிர எதையும் தறி ஏற்காது. ஓணம் கழிந்து கேட்பது உத்தமம். தை, மாசி வெயிலில் ஓட்டிய பாவில் நெய்த துணி சீராக வரும்.

துணி கைக்கு வந்ததும் கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. 10-க்கு 10 சென்டிமீட்டர் மாதிரித் துண்டை நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 2 கிராம் காட்டினால் சதுர மீட்டருக்கு 200 கிராம், நம் ஊர் மேல்சட்டைக்குச் சரி. ஒரு கிராமுக்குக் கீழே போனால் அது வேட்டித் துணி. ஆனால் எடையைக் கஞ்சி ஏமாற்றும். மருந்துக்கடையில் புண்ணுக்கு வாங்குகிற பொவிடோன் அயோடினில் ஒரு சொட்டை மாதிரித் துண்டின் மூலையில் விடுங்கள். பழுப்பாகவே நின்றால் கஞ்சி இல்லை. கருநீலமாக மாறினால் கஞ்சி கனமாக இருக்கிறது. அப்போது துண்டை இரவு முழுக்க ஊறவைத்து, கசக்கி அலசி, காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். சாயத்துக்கு: ஈர வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஒரே இடத்தில் பத்துத் தடவை தேயுங்கள். லேசான நிழல் விழுந்தால் பொறுக்கலாம், நீலமாகவே ஒட்டினால் வெள்ளை வேட்டியோடு அந்தச் சட்டையைப் போட முடியாது. வாங்கி வந்து உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். உப்புக்கு வேலை சாயத் தொட்டிக்குள்தான், நெய்து வந்த துணியில் அது எதையும் பிடித்து நிறுத்தாது.

சுருக்கத்தைப் பார்க்காமல் கத்திரி வைக்கவே கூடாது. துணியில் பாவு வாக்கில் 50 சென்டிமீட்டர், ஊடை வாக்கில் 50 சென்டிமீட்டர் நூலால் அடையாளம் போட்டு, ஊறவைத்து, வெயில் படாமல் காயவைத்து அளங்கள். 48 ஆகியிருந்தால் 4 சதவீதம். பாவு வாக்கில் சுருக்கம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் தறியில் இழுத்துக் கட்டப்பட்ட இழை அதுதான். தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பு தளரும். முழுத் துணியையும் ஒரு இரவு நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இதைச் செய்யாத சட்டை முதல் சலவையிலேயே நீளத்தில் ஒன்றரை அங்குலம் போகும், காலர் கழுத்தைப் பிடிக்கும்.

தையலுக்குத் துணிக் கணக்கு: மார்பு 40 அங்குலம் என்றால் தைத்த சட்டையின் சுற்று 46 அங்குலம் வர வேண்டும், உள்ளே ஒரு சட்டை போடுகிறவர்தானே. 36 அங்குல அகலத் துணியில் மூன்று மீட்டரும் சுருக்கத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டரும். முதலில் காடாத் துணியில் ஒன்றை ஓட்டுத் தையலில் கட்டிப் போட்டுப் பாருங்கள். அந்தக் காடாவைத் தூக்கிப் போட வேண்டாம், அதுவே அடுத்த சட்டைக்கு அளவு. ஊசி 14-ஆம் நம்பர், மடிப்பு மடிப்பாகக் கனம் சேர்கிற இடத்தில் 16. அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல் போதும். நெருக்கினால் உறுதி கூடும் என்று நினைப்பது தவறு, தபால்தலை ஓரம் மாதிரித் துளை வரிசையாகி அங்கேயே கிழியும். பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விட்டு வையுங்கள், உடம்பு கூடினால் பிரித்துவிட அது வேண்டும். லைனிங் இல்லாத சட்டை என்பதால் மற்றத் தையல்களை ஒன்றை மடித்து ஒன்றுக்குள் நுழைத்து இரட்டைத் தையல் போட வேண்டும், ஓவர்லாக்கோடு விட்டால் தோளில் உரசி இரண்டே ஆண்டில் நூல் பிரியும்.

பாக்கெட்டின் மேல்மூலை இரண்டும்தான் பாரம் தாங்குகிற இடம். உள்பக்கம் அதே துணியில் ஒன்றரை அங்குலச் சதுரத் துண்டை வைத்து, மேலே சிறு முக்கோணமாகத் தையல் ஓட்ட வேண்டும். துண்டின் பாவு, சட்டையின் பாவுக்கு நேராக இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் சலவையில் அது ஒரு பக்கம் இது ஒரு பக்கம் சுருங்கி மூலை கொப்புளிக்கும்.

பொத்தானைப் பற்றி எழுதும்போது இன்னொரு தோழமை நினைவுக்கு வருகிறது. ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே, லண்டனில் வாழ்ந்த லூசி ரீ என்ற மண்பாண்டக் கலைஞரிடம் பெரிய மதிப்பு வைத்திருந்தார். லூசி ரீ 1938-இல் வியன்னாவிலிருந்து தப்பி வந்தவர். போர்க்காலத்தில் பிழைப்புக்காகச் சுட்டமண்ணில் பொத்தான் செய்தார். அந்தப் பழைய பொத்தான்களை மியாகே 1989-இல் தம் உடைகளில் வைத்தார். தம் காலத்துக்குப் பிறகு பொத்தான்கள் மியாகேவுக்கே சேரும்படி விட்டுச் சென்றார் லூசி ரீ. அதே மியாகேவின் உடைகளை அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் பத்தாண்டுக்கு மேல் படம் எடுத்தார். படப்பிடிப்புக்கு மியாகே போனதே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. கன்னிங்காமுக்கு ஷெர்மன், மியாகேவுக்கு லூசி ரீயும் பென்னும். இவர்களை விட்டுவிட்டு ‘தனிப்பாணி’ என்று ஒருவரைத் தனியே எடுத்து எழுத முடியாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

எங்கள் பக்கம் மண் பொத்தானுக்குப் பதில் சிரட்டைப் பொத்தான். மேல்சட்டைக்கு 18 முதல் 20 மில்லிமீட்டர், நாலு துளை. துளையின் ஓரம் கூராக இருந்தால் நூலை அறுக்கும். முறுக்கிய நூலில் எண்ணெய் தொட்டு துளைக்குள் நாலு தடவை இழுத்து மழுக்க வேண்டும், வெளி ஓரத்துக்கு 400-ஆம் நம்பர் உப்புத்தாள். தைக்கும்போது துணிக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்து, நாலைந்து தடவை நூல் ஓட்டி, குச்சியை உருவி, கீழே நூலை ஆறு சுற்று சுற்றி முடிச்சிட வேண்டும். கெட்டித் துணியில் பொத்தான் இப்படிக் கொஞ்சம் தூக்கி நின்றால்தான் காஜாவுக்குள் துணி நசுங்காமல் உட்காரும். காஜாவின் நீளம் பொத்தானின் அகலமும் கனமும் சேர்ந்த அளவு. கனத்தைக் கூட்ட மறப்பதால்தான் சிரட்டைப் பொத்தான் காஜாவில் மாட்டிக்கொள்கிறது. இதற்குச் சலவையில் பிளீச்சும் வெந்நீரும் ஆகாது.

ஓர் எச்சரிக்கை. வேட்டியின் கசவுக் கரையை அப்படியே மேல்சட்டையின் முன்பட்டையாக வெட்டி வைப்பது இப்போது பரவுகிறது. பருத்தி சுருங்கும், ஜரிகை சுருங்காது. முதல் சலவையில் பட்டை அலை அலையாக எழும், இஸ்திரியில் அழுத்தினால் ஜரிகை முறியும். கசவு வைத்தே ஆக வேண்டும் என்றால் துணியை இரண்டு தடவை நனைத்துக் காயவைத்து, கரையைத் தனியே அறுத்து, பிரித்தெடுக்கிற மாதிரிக் கைத்தையலில் பொருத்துங்கள், சலவைக்கு முன் கழற்றிவிடலாம். முழுக் கசவு வேட்டியை இதற்காக வெட்டுவதைப் பார்க்கவே எங்களுக்கு மனம் தாங்கவில்லை. நெய்தவரின் பல நாள் வேலை அது.

ஒரே சட்டையை நாள்தோறும் போடுவது என்றால் ஒரே மாதிரி மூன்று வேண்டும்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில். கஞ்சி போட்டுப் பெட்டியில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தைத்து மிஞ்சிய வெட்டுத்துணியைத் தையல்காரரிடம் கேட்டு வாங்கி, சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துத் துவையுங்கள். நிறம் இரண்டிலும் ஒரே சீராக வெளுக்கும். முழங்கையில் துணி நையத் தொடங்கியதும், ஓட்டை விழுமுன், அந்தத் துண்டிலிருந்து இழையை உருவி ரஃபு போட்டால், அதாவது நைந்த இடத்தை இழையால் பின்னி நிரப்பினால், ஒட்டு தெரியாது. கன்னிங்காம் தம் மழைக் கோட்டைக் கறுப்பு ஒட்டு நாடாவால் ஒட்டி ஒட்டிப் போட்டவர். நம் ஊரில் ரஃபு போடக் கை இருக்கிறது, அது முடங்கிக் கிடக்கிறது.

தங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். உடை பற்றிய படம் வெளியிடும்போது, போட்டிருப்பவர் பெயரையும் வடிவமைத்தவர் பெயரையும் அச்சிடுகிறீர்கள். அதன் கீழே இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: பாவு நம்பர், ஊடை நம்பர், நெய்த ஊர், தைத்தவர். தைத்தவருக்கும் நெய்தவருக்கும் சம்மதம் என்றால் பெயரோடு. விசைத்தறித் துணி என்றால் அப்படியே எழுதுங்கள், அதில் யாருக்கும் இழிவில்லை. கைத்தறி என்று எழுதுமுன் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். கன்னிங்காம் கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் ஷெர்மனோடு ரயில் பெட்டியில் எடுத்த அந்தப் படத்தையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். துணிக்கு மாதிரி தேவைப்பட்டால், இரட்டை நாற்பதில் நெய்து நனைத்துக் காயவைத்த 10-க்கு 10 சென்டிமீட்டர் துண்டுகளை, நம்பர் எழுதி, தங்கள் நாகர்கோவில் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
பாலராமபுரம், பாறசாலை, களியக்காவிளை வட்டாரத் தறிக்காரர்களும் தையல்காரர்களும்